பல ஊர்களில் சர்வர் இருந்தும் எல்லாம் ஒரே நேரத்தில் முடங்குவது ஏன்? கிளவுட் நெட்வொர்க்கில் ‘தடுப்புச் சுவர்’ விவகாரம்

2025 அக்டோபர் 20, தீபாவளி நாள். இந்திய நேரப்படி பகல் 12.18 மணி. தமிழ்நாட்டில் பலரும் விருந்தும் பட்டாசுமாக இருந்த அந்த நேரத்தில், அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் ஒரே ஒரு இணைய முகவரி காணாமல் போனது. கட்டடம் எரியவில்லை, கடலடி கேபிள் அறுபடவில்லை, யாரும் ஹேக் செய்யவும் இல்லை. ஆனால் அடுத்த சில நிமிடங்களில் ஸ்னாப்சாட், ஃபோர்ட்நைட், ரோப்ளாக்ஸ், டுவோலிங்கோ, சிக்னல், கான்வா என வரிசையாக முடங்கின. பிரிட்டனில் லாய்ட்ஸ் வங்கி வாடிக்கையாளர்களால் ஆப்பைத் திறக்க முடியவில்லை. சென்னையில் பிறந்த அரவிந்த் ஸ்ரீனிவாஸ் நடத்தும் பெர்ப்ளெக்சிட்டியும் படுத்தது. காரணம் அமேசான் வெப் சர்வீசஸில் ஏற்பட்ட கோளாறு என்று அவரே எக்ஸ் தளத்தில் பதிவிட்டார்.

அமேசான் வெப் சர்வீசஸுக்கு உலகம் முழுக்க 30-க்கும் மேற்பட்ட ‘ரீஜன்’கள் இருக்கின்றன. மும்பையில் ஒன்று, ஹைதராபாத்தில் ஒன்று, சிங்கப்பூர், லண்டன், டோக்கியோ எனப் பரந்து கிடக்கிறது. ஒன்று போனால் இன்னொன்று என்பதுதானே கிளவுட் விற்கப்படும் விதமே? பிறகு எப்படி வர்ஜீனியாவில் தும்மினால் லண்டனில் ஜலதோஷம்?

வர்ஜீனியாவில் என்னதான் நடந்தது?

டைனமோடிபி என்பது அமேசானின் டேட்டாபேஸ் சேவை. நாம் பயன்படுத்தும் ஏராளமான ஆப்கள் தங்கள் தகவல்களை இதில்தான் வைத்து எடுக்கின்றன. அமேசானின் வேறு பல சேவைகளே இதை நம்பித்தான் ஓடுகின்றன. இதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் வேலை செய்வதால், ‘இந்தப் பெயரைக் கேட்டால் இந்த இயந்திரத்துக்குப் போ’ என்று வழிகாட்டும் டிஎன்எஸ் பட்டியல் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். ஒரு மென்பொருள் புதுப் பட்டியலைத் தயாரிக்கும். வேறு மூன்று மென்பொருள்கள், மூன்று தனித்தனி இடங்களில் இருந்துகொண்டு, அந்தப் பட்டியலை எடுத்துப் போய் ஒட்டும். ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டு பார்த்துக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான் மூன்று.

அன்று அந்த மூன்றில் ஒன்று வழக்கத்துக்கு மாறாக மெதுவாக ஓடியது. கையில் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் இரண்டாவது மென்பொருள் புதுப் பட்டியலை ஒட்டி முடித்துவிட்டு, பழைய பட்டியல்களை அழிக்கும் வேலையைத் தொடங்கியது. சரியாக அந்த நேரத்தில், மெதுவாக வந்தது தன் பழைய பட்டியலைப் புதியதன் மேலேயே ஒட்டிவிட்டது. துப்புரவு வேலையில் இருந்தது, ‘இது பழசாச்சே’ என்று அதையும் அழித்துவிட்டது. மிச்சம் இருந்தது வெற்றுப் பட்டியல். டைனமோடிபி எங்கே என்று கேட்ட எந்த ஆப்புக்கும் பதில் இல்லை. தானாகச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடும் இந்த நிலையில் வேலை செய்யவில்லை. மனிதர்கள் உள்ளே போய்க் கைப்படச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

முகவரியைச் சரிசெய்ய இரண்டரை மணி நேரத்துக்கும் சற்று அதிகம் ஆனது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. இடைப்பட்ட நேரத்தில் புது சர்வர்களைத் தொடங்கும் அமைப்பு தன் கணக்குகளைத் தவறவிட்டு, தேங்கிய வேலையில் மூச்சுத் திணறியது. அது சரியானபோது நெட்வொர்க் அமைப்புகள் போய்ச் சேர்வதில் தாமதம். எல்லாம் வழக்க நிலைக்குத் திரும்பிவிட்டன என்று நிறுவனம் அறிவித்தபோது இந்தியாவில் மறுநாள் அதிகாலை 3.31 மணி. கிட்டத்தட்ட 15 மணி நேரம்.

ஈபி ஆபீஸ் மூடியிருந்தாலும் ஃபேன் ஓடும்… ஆனால்?

இப்போது லண்டன் கேள்விக்கு வரலாம். பல நிறுவனங்கள் நேரடியாகவே வர்ஜீனியாவில் மட்டும் சர்வர் வைத்திருந்தன. 2006-ல் அமேசான் கிளவுட் தொடங்கிய இடமே அதுதான் என்பதால், பழக்கம் காரணமாகவே பலர் அங்கே இருக்கிறார்கள். இவர்கள் முடங்கியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சிக்கல், வேறு ஊர்களில் சர்வர் வைத்திருந்தவர்களில் சிலரும் மாட்டிக்கொண்டதுதான்.

நம் வீட்டு மின்சாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி வழியாக கரன்ட் வருவது ஒரு வேலை. புது கனெக்ஷன் கொடுப்பது, லோடு கூட்டுவது, பெயர் மாற்றுவது எல்லாம் ஈபி ஆபீஸின் வேலை. ஆபீஸ் பூட்டிக் கிடந்தாலும் வீட்டில் ஃபேன் ஓடும். ஆனால் அன்று புது கனெக்ஷன் கிடைக்காது. கிளவுடிலும் இப்படி இரண்டு அடுக்குகள் உண்டு. தகவல் ஓடும் அடுக்கு ஒவ்வொரு ரீஜனிலும் தனித்தனி. ஆனால் ‘யாருக்கு என்ன அனுமதி’ என்பதை மாற்றும் கன்ட்ரோல் பிளேன் போன்ற சில பொது அலுவலகங்கள் வர்ஜீனியாவில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அன்று அனுமதிகளை மாற்றும் வசதியும், பல ரீஜன்களுக்கு டேட்டாவைப் பிரதியெடுக்கும் டைனமோடிபியின் ‘குளோபல் டேபிள்ஸ்’ வசதியும் பாதிக்கப்பட்டதாக அமேசானே தெரிவித்தது.

இதில் ஒளிந்திருக்கும் ஆபத்து பலருக்குப் புரிவதில்லை. ‘வர்ஜீனியா விழுந்தால் உடனே லண்டனில் புது சர்வர்களைத் தொடங்கி, அனுமதி கொடுத்து, போக்குவரத்தை மாற்றிவிடுவோம்’ என்று ஒரு நிறுவனம் திட்டம் போட்டு வைத்திருக்கலாம். காகிதத்தில் அருமையான திட்டம். ஆனால் அந்த மூன்று வேலைகளில் ஒன்று பொது அலுவலகத்தைச் சார்ந்திருந்தாலும் திட்டம் அங்கேயே நின்றுவிடும். ஏனென்றால் பூட்டிக் கிடப்பதே அந்த அலுவலகம்தான். ஆகவே இரண்டாவது ஊரில் சர்வர், அனுமதி, வழித்தடம் எல்லாம் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு மாதாமாதம் பில் வரும். நிதிப் பிரிவு முதலில் கை வைப்பது அந்த பில்லில்தான்.

இது அமேசானுக்கு மட்டுமே உள்ள நோய் என்று சொல்லிவிட முடியாது. 2025 ஜூன் 12 அன்று கூகுள் கிளவுடில் ஒரு கொள்கை மாற்றம் பதிவேற்றப்பட்டது. அதில் சில இடங்கள் காலியாக இருந்தன. காலி இடத்தைக் கண்டால் என்ன செய்வது என்று எழுதப்படாத மென்பொருள் நிலைகுலைந்தது. உலகம் முழுக்க உள்ள ரீஜன்களுக்கு அந்தப் பதிவு சில விநாடிகளில் பிரதியாகிவிட்டதால், எல்லா ஊரிலும் அதே மென்பொருள் அதே காரணத்துக்காக விழுந்தது. பத்து ஊரில் பத்து வீடு கட்டிவிட்டு, பத்துக்கும் ஒரே மெயின் ஸ்விட்ச் வைத்த கதை. அதே ஆண்டு அக்டோபர் 29-ல் மைக்ரோசாஃப்ட் அஸ்யூர், நவம்பர் 18-ல் கிளவுட்ஃபிளேர் என அடுத்தடுத்து நடந்தவற்றிலும், கோளாறு தொடங்கியது ஒரு பொது அமைப்பில் செய்யப்பட்ட மாற்றத்தில்தான்.

ஊரே இல்லாமல் இருந்தால்?

‘அப்படியானால் பல ஊர்களில் வைப்பதால் என்ன பயன்?’ என்று கேட்கத் தோன்றும். தென் கொரியா அதற்குப் பதில் சொல்கிறது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜியோன் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. 600-க்கும் மேற்பட்ட அரசு இணைய சேவைகள் நிறுத்தப்பட்டன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ சேமிப்பகத்தில் 858 டெராபைட் தகவல் இருந்தது. வேறு இடத்தில் பிரதி இல்லை. போனது போனதுதான். ஆக, இரண்டாவது ஊர் கட்டாயம். ஆனால் அது பாதி வேலைதான்.

கப்பல் கம்பெனி மறந்த அறைகள்

மீதிப் பாதி, ஒரே நிறுவனத்துக்குள் இருக்கும் பிரிவுகளுக்கு இடையிலான சுவர். இதைப் புரிந்துகொள்ள 2017-க்குப் போக வேண்டும்.

உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்று டென்மார்க்கின் மெர்ஸ்க். 2017 ஜூன் 27 அன்று அதன் உக்ரைன் அலுவலகத்தில் பயன்படுத்தப்பட்ட ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக ‘நாட்பெட்யா’ என்ற நாசகார நிரல் உள்ளே வந்தது. ஒரு கணினியில் கிடைக்கும் பாஸ்வேர்டை எடுத்து அடுத்த கணினிக்குள் தானாகவே நுழைவது இதன் பாணி. உக்ரைனில் வரி கட்டுவதற்காக வைத்திருந்த மென்பொருளுக்கும், நியூ ஜெர்சி துறைமுகத்தின் கேட்டுக்கும் என்ன தொடர்பு? தொழில் ரீதியாக எதுவும் கிடையாது. ஆனால் நெட்வொர்க்கில் இரண்டும் ஒரே கூடத்தில் இருந்தன. மெர்ஸ்க் குழுமத்தின் 76 துறைமுக முனையங்களில் 17 பாதிக்கப்பட்டன. மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் இயக்கும் முனையமும் முடங்கியது. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன.

கடலில் ஓடும் கப்பலை அறை அறையாகத் தடுத்துக் கட்டுவார்கள். ஒரு அறையில் ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்தாலும் அடுத்த அறைக்குப் போகாது. நூறு ஆண்டுக்கும் மேலாகக் கப்பல் தொழிலில் இருக்கும் நிறுவனம், தன் கணினி வலையில் இந்தத் தடுப்புகளைப் போதுமான அளவு போடவில்லை என்பது வேடிக்கையான முரண்.

பத்தே நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் 2,500 மென்பொருள்களையும் மீண்டும் நிறுவினோம் என்று அதன் தலைவர் பிறகு டாவோஸ் மாநாட்டில் சொன்னார். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர்.

இந்தக் கதையில் ஒரு ட்விஸ்ட் உண்டு. ‘யார் யார் உள்ளே வரலாம்’ என்ற பதிவேட்டை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் மெர்ஸ்கிடம் உலகம் முழுக்க சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லாம் ஒன்றையொன்று பிரதியெடுத்தபடி இருந்தன. எல்லாமே ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் எல்லாமே சேர்ந்து அழிந்தன. ஒன்று மட்டும் தப்பியது. ஆப்பிரிக்காவின் கானா அலுவலகத்தில், தாக்குதலுக்கு முன்பே கரன்ட் போயிருந்ததால் அந்த இயந்திரம் வலையில் இல்லை! கடைசியில் அதன் ஹார்டு டிஸ்க்கை விமானத்தில், நைஜீரியா வழியாக, கையிலேயே பிரிட்டனுக்குக் கொண்டுபோய்த்தான் நிறுவனத்தின் நெட்வொர்க்கை மறுபடி கட்டினார்கள். 150 பிரதிகளால் முடியாததை ஒரு பவர்கட் செய்தது.

2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் திருடுபோனதும் இதே வகைதான். திருடர்கள் நுழைந்த கதவு, குளிர்சாதன வேலை பார்க்கும் ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் லாகின். ஏசி காரருக்குத் திறந்த கதவு, கல்லாப்பெட்டி வரை போகும்படி இருந்திருக்கிறது.

கிளவுடில் இந்தச் சுவரை எப்படிக் கட்டுகிறார்கள்?

ஒரு பெரிய குழுமத்தை எடுத்துக்கொள்வோம். பணப்பரிவர்த்தனை ஒரு பிரிவு, ஆன்லைன் கடை ஒரு பிரிவு, சம்பளம் போடும் பிரிவு, புது ஆப்களைச் சோதிக்கும் பிரிவு. இவை அத்தனையும் ஒரே கிளவுட் கணக்கில் இருந்தால், சோதனைப் பிரிவில் ஒருவர் தவறாக ‘டெலீட்’ அழுத்தினால் கல்லா காலியாகலாம். அதனால் முதல் வேலை, பிரிவுக்கு ஒரு தனிக் கணக்கு. ஒரு கணக்கின் அனுமதி, பில், வரம்பு எதுவும் அடுத்த கணக்கைத் தொடாது. கட்டுவதற்கு எளிதான சுவர் இதுதான், உறுதியானதும் இதுதான்.

அடுத்தது முகவரி. கேட்க சாதாரணமாக இருக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் தலையில் அடித்துக்கொள்வது இங்கேதான். உள்-நெட்வொர்க்குக்கு என்று ஒதுக்கப்பட்ட ஐபி முகவரிகளில் பெரிய தொகுதி ‘10’ என்ற எண்ணில் தொடங்குவது. மொத்தம் 1,67,77,216 முகவரிகள். தாராளமாக இருக்கிறதே என்று ஒவ்வொரு பிரிவும் முதல் எண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இரண்டு வருடம் கழித்து அவற்றை இணைக்கும்போதோ, இன்னொரு நிறுவனத்தை வாங்கும்போதோ வரும் வினை. எல்லா ஊரிலும் ஒரு காந்தி ரோடு இருப்பதுபோல, இரண்டு பக்கமும் ஒரே முகவரி. தபால் எந்த வீட்டுக்குப் போகும்?

இதற்கான விடை நம் தபால் துறையிடமே இருக்கிறது. 1972-ல் வந்த பின்கோடில் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே எந்த மண்டலம் என்று தெரியும். 600 என்றால் சென்னை, 625 என்றால் மதுரை, 641 என்றால் கோவை. டெல்லியில் கடிதம் பிரிப்பவருக்கு மதுரையின் தெருக்கள் தெரிய வேண்டியதில்லை. கிளவுடிலும் அப்படித்தான் ஒதுக்க வேண்டும். மும்பை ரீஜனுக்கு ஒரு தொகுதி, ஹைதராபாத்துக்கு ஒரு தொகுதி, அதற்குள் பிரிவுக்கு ஒரு துண்டு, வருங்காலத்துக்கு நடுநடுவே காலி இடம். நெட்வொர்க் எத்தனை மடங்கு வளர்ந்தாலும் வழிகாட்டும் பட்டியல் வீங்காது.

பிறகு இணைப்பு. இரண்டு நெட்வொர்க்குகளை நேரடியாகக் கயிறு கட்டி இணைக்கலாம். பத்து நெட்வொர்க் இருந்து, எல்லாம் எல்லாவற்றோடும் பேச வேண்டுமென்றால் 45 கயிறு. நூறு என்றால் 4,950. யாராலும் கணக்கு வைக்க முடியாது. அதனால் இப்போது ஒவ்வொரு ரீஜனிலும் ஒரு மைய நிலையம் வைக்கிறார்கள். அமேசான் இதை 2018-ல் ‘ட்ரான்சிட் கேட்வே’ என்ற பெயரில் கொண்டுவந்தது. ஒரு ஊருக்கு ஒரு பஸ் ஸ்டாண்ட், ஊர்களுக்கு இடையே விரைவு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லோரும் ஒரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் சுவர் இடிந்துவிடாதா? இடிந்துவிடும், கவனிக்காவிட்டால். எல்லோரையும் ஒரே வழிப்பட்டியலில் சேர்த்துவிடுவது எளிது என்பதால் அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு. அதன்பின் அது மெர்ஸ்கின் பழைய கூடம்தான், வாடகை மட்டும் அதிகம். ஒழுங்காகச் செய்பவர்கள் பிரிவுக்கு ஒரு தனி வழிப்பட்டியல் போடுகிறார்கள். பணப்பரிவர்த்தனைப் பிரிவின் பட்டியலில் ஹைதராபாத்தில் உள்ள அதே பிரிவுக்கு வழி இருக்கும். பொதுவான பாதுகாப்புக் கண்காணிப்புக்கு வழி இருக்கும். சோதனைப் பிரிவு என்ற ஊரே அதில் இருக்காது. ஒரு பிரிவு இன்னொன்றோடு பேச வேண்டுமென்றால், மொத்த வாசலைத் திறக்காமல், தேவைப்படும் அந்த ஒரு சேவைக்கு மட்டும் சின்ன ஜன்னல் திறக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் இரண்டு ஊர் தேவையா?

தேவையில்லை என்பதுதான் நேர்மையான பதில். ஒரு காரணம் பணம். ஒரு ரீஜனிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் கட்டணம் உண்டு. இன்னொரு காரணம், யாராலும் மாற்ற முடியாத இயற்பியல். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மும்பையிலிருந்து வர்ஜீனியா போய்த் திரும்ப, நேர்கோட்டில் கேபிள் இருந்தாலும் 125 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்காது. மும்பை - ஹைதராபாத் என்றால் ஆறேழு மில்லிசெகண்டில் முடிந்துவிடும். ‘இரண்டு ஊரிலும் எழுதிய பிறகுதான் பணம் அனுப்பியாச்சு என்று சொல்வேன்’ என்றால் ஒவ்வொரு பரிவர்த்தனையும் அவ்வளவு தாமதமாகும். ‘இங்கே எழுதிவிட்டு அங்கே பிறகு அனுப்புகிறேன்’ என்றால், ஊர் விழும்போது கடைசிச் சில விநாடிகளின் கணக்கு தொலையலாம். சாப்பாட்டு ஆர்டர் ஒன்று தொலைந்தால் சமாளிக்கலாம். சம்பளப் பணம் தொலைந்தால்? எந்தப் பிரிவு எந்த இழப்பைத் தாங்கும் என்பதை இன்ஜினியர் மட்டும் முடிவு செய்ய முடியாது. பிரிவுகள் தனித்தனியாக இருந்தால்தான் இந்த முடிவையே தனித்தனியாக எடுக்க முடியும்.

இந்தியாவுக்கு என்று கூடுதலாக ஒரு கட்டுப்பாடும் உண்டு. பணப்பரிவர்த்தனைத் தகவல்களை இந்தியாவுக்குள் மட்டுமே சேமிக்க வேண்டும் என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதாவது மாற்று ஊர் சிங்கப்பூராக இருக்க முடியாது. அமேசானுக்கு 2016-லிருந்து மும்பை மட்டும்தான் இருந்தது. ஹைதராபாத் ரீஜன் வந்தது 2022 நவம்பரில். இடைப்பட்ட ஆண்டுகளில், அந்த நிறுவனத்தை மட்டும் நம்பியிருந்த பணப்பரிவர்த்தனை ஆப்புக்கு இந்தியாவுக்குள் இரண்டாவது ரீஜனே கிடையாது. மைக்ரோசாஃப்ட் 2015-லேயே புனே, சென்னை, மும்பை என்று மூன்று இடங்களில் தொடங்கியிருந்தது.

மாற்று ஊர் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. தேசிய பங்குச் சந்தையின் மாற்றுத் தளம் இருப்பது சென்னையில். 2021 பிப்ரவரி 24 அன்று மும்பையில் கோளாறு ஏற்பட்டு, காலை 11.40-க்கு வர்த்தகம் நின்றது. மீண்டும் தொடங்கியது மாலை 3.45-க்கு. அந்த நான்கு மணி நேரமும் சென்னை தளத்துக்கு வர்த்தகம் மாற்றப்படவே இல்லை. அடுத்த மாதமே செபி விதியை இறுக்கியது: முக்கிய அமைப்பு பாதிக்கப்பட்டால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்றுத் தளத்திலிருந்து இயங்க வேண்டும்.

2024 மார்ச் 2, சனிக்கிழமை. வழக்கமாகச் சந்தைக்கு விடுமுறை. அன்று காலை 9.15 முதல் 10 மணி வரை வழக்கமான தளத்தில் வர்த்தகம் நடந்தது. பிறகு நிறுத்திவிட்டு, 11.30 முதல் 12.30 வரை மாற்றுத் தளத்திலிருந்து நடத்தினார்கள். போலி ஆர்டர்கள் கிடையாது, உண்மையான முதலீட்டாளர்கள், உண்மையான பணம். மே 18-ம் தேதி, இன்னொரு சனிக்கிழமையில், அதையே மறுபடி செய்தார்கள்.